சட்டையில் கேஸ் வாசம்

கோபினாவின் சட்டையில் கேஸ் வாசம் அடித்தது. புதன்கிழமை துணி துவைக்க உட்கார்ந்தபோதுதான் அவன் மனைவி அராபாவின் மூக்கு அதைப் பிடித்தது. முதலில் காலரை முகர்ந்தாள், பிறகு கையை, பிறகு முதுகை. சந்தேகமே இல்லை. அடுப்பைத் திறந்துவிட்டுத் தீப்பெட்டியைத் தேடும்போது குப்பென்று வருமே, அதே வாசம்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு அந்த வீட்டு நிலவரம் தெரியாது. கேஸ் விலை ஏறியதிலிருந்து அங்கே கேஸ் அடுப்பு எரிந்து நான்கு மாதம் ஆகிறது. முற்றத்துக் கரி அடுப்பில்தான் அராபா சோளமாவுப் பங்கூக் களி கிண்டுகிறாள், மீன் பொரிக்கிறாள், கண் எரியத் திட்டுகிறாள். கடைசியாக நிரப்பிய சிலிண்டரைக் கிறிஸ்துமஸுக்கும் அடைமழைக்கும் என்று சாமான் அறையில் சாக்கு போட்டு மூடி வைத்திருந்தாள். அந்த வீட்டு ஆண்பிள்ளை மேல் அடித்தால் கரிப்புகை அடிக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுத் தையல்காரி மன்சாவிடம் சட்டையை நீட்டினாள். மன்சா ஒரே ஒரு தடவைதான் முகர்ந்தாள்.

"அடியே, இது கேஸ் அடுப்பு வச்சிருக்கறவ வீட்டு வாசம்."

"அப்படின்னா?"

"அப்படின்னா என்னவா? இந்த விலையிலயும் கேஸ்ல சமைக்கிறான்னா அவ உன்னையும் என்னையும் மாதிரி இல்ல. வசதியான கைதான். ஒன் புருஷன் அடுப்புப் பக்கத்துல நின்னு அவ சமைக்கிறத வேடிக்க பாக்குறாரு."

"எங்க வீட்டு அடுப்புப் பக்கம் அந்த மனுஷன் எட்டிக்கூடப் பாத்ததில்ல, அக்கா."

"அதத்தான் சொல்றேன்."

அராபா பொறுமைசாலி என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் அன்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்தாள். யோசிக்க யோசிக்க எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. கோபினா துறைமுகத்தில் குமாஸ்தா. அவனுடைய வெளிர்நீலப் பெஜோ 504 கார்தான் அவனுக்கு மூத்த மனைவி, அராபா இரண்டாவதுதான். அப்பா விட்டுப்போன வண்டி. பெட்ரோல் விலை ஏறியதும் அதைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுச் செத்த வீடு மாதிரி இரண்டு மாதம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தான். போன மாதம் திடீரென்று தார்ப்பாயை உருவினான். காலையில் மகள் எசியைப் பள்ளிக்கூடத்தில் இறக்குவதும் வண்டியில், துறைமுகமும் வண்டியில், சாயங்காலம் ஒரு சுற்று வேறு. பெட்ரோலுக்குப் பணம் ஏது என்று கேட்டதற்கு, "தெரிஞ்ச ஆள் ஒருத்தர் உதவுறாரு" என்று பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

இன்னொன்றும் இருந்தது. இப்போதெல்லாம் சாப்பாட்டில் குறையே சொல்வதில்லை. உப்பில்லாத வெண்டைக்காய்க் குழம்பைக்கூடப் போன வாரம் பிரமாதம் என்றான். குற்றமுள்ள நெஞ்சு இல்லாமல் எந்த ஆம்பிளை அப்படிச் சொல்வான்?

கடைசியில் சாமான் அறைக்குப் போனாள். சாக்கு இருந்த இடத்தில்தான் இருந்தது. தூக்கிப் பார்த்தாள். உள்ளே ஒரு வாளி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது, அதன் மேல் உயரத்துக்காக ஒரு பெயிண்ட் டப்பா.

அராபாவுக்கு அடிவயிறு பற்றி எரிந்தது. நான் இங்கே புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிறேன், என் சிலிண்டரில் எவளோ சூப் கொதிக்கவைக்கிறாள்! அவனிடம் கேட்டால் ஒரு கதை சொல்வான். கதை கட்ட அவனுக்கு அவகாசம் கொடுக்கக் கூடாது, கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்தாள்.

அன்று சாயங்காலம் எசியை மடியில் இழுத்துத் தலை பின்னிக்கொண்டே துருவினாள். எசிக்கு ஏழு வயது.

"அப்பா வண்டில யாராவது ஆன்ட்டி ஏறினாங்களா?"

"இல்லம்மா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. சென்ட் போட்ட ஆன்ட்டி? முன்சீட்டுல?"

"யாரும் ஏறலம்மா. முடியப் பிடிச்சு இழுக்காத, வலிக்குது."

"எந்த ஆன்ட்டி வீட்டுலயாவது நிறுத்தினாரா?"

"இல்லவே இல்ல."

பிள்ளைக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்து வாயை அடைத்திருக்கிறான் என்று அராபா முடிவு கட்டினாள். அலமாரியிலிருந்த தன் துணிகளையும் எசியின் துணிகளையும் ஒரு பையில் கட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். உண்மை என்று தெரிந்தால் அப்படியே கேப் கோஸ்டில் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவது. பதினொரு வருஷக் குடித்தனம் அதோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை பழைய கார் சங்கத்துக் கூட்டம். மாதம் ஒருமுறை தேவாலய ஆராதனை முடிந்ததும் கடற்கரைத் திடலில் பத்துப் பன்னிரண்டு வண்டிகள் வரிசையில் நிற்கும். கோபினா எசியைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு போனான். அராபா தலைவலி என்று சொல்லி வீட்டில் தங்கி, அவன் தெரு முனை தாண்டியதும் மன்சாவோடு ஷேர் டாக்ஸி பிடித்தாள்.

"அவ அங்க வந்திருந்தா என்ன பண்ணுவ?" என்றாள் மன்சா. அவள் குரலில் ஒரு திருவிழாச் சந்தோஷம்.

"மொதல்ல என் சிலிண்டரக் கேப்பேன். அப்புறம் புருஷனக் கேப்பேன்."

"புருஷன மொதல்ல கேளுடி!"

"சிலிண்டருக்கு இப்ப வில ஜாஸ்தி, அக்கா."

திடலில் பெண் வாடையே இல்லை. எல்லா வண்டிகளும் முன்மூடியையும் டிக்கியையும் திறந்துபோட்டு நின்றன. அது சங்கத்து வழக்கம். ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற ஃபீஃபி, சங்கத் தலைவர், வெள்ளைக் கைக்குட்டையால் ஒவ்வொரு எஞ்சினையும் தொட்டுப் பார்த்து வருவார். பெட்ரோல் ஏறியபின் ஊரில் டாக்ஸிகளெல்லாம் அதைவிட மலிவான சமையல் கேஸுக்கு மாறிவிட்டன. சங்கத்துக்காரர்கள் மட்டும் கூடி, கேஸ் மாட்டிய வண்டிக்கு இங்கே இடமில்லை என்று தீர்மானம் போட்டிருந்தார்கள். கையில் காசிருந்ததோ இல்லையோ, கௌரவம் இருந்தது.

பெஜோவின் டிக்கி மட்டும் மூடியிருந்தது.

"என்ன கோபினா, போன மாசமும் தெறக்கல, இந்த மாசமும் தெறக்கல?" என்றார் ஃபீஃபி.

"பூட்டு மக்கர் பண்ணுதுண்ணே. அடுத்த வாரம் சரி பண்ணிடுறேன்."

"உள்ள என்ன, பொணத்த வச்சிருக்கியா?"

எல்லாரும் சிரித்தார்கள். கோபினாவும் சிரித்தான், ஆனால் அவன் கழுத்தில் வேர்வை ஓடுவது பத்தடி தள்ளி நின்ற அராபாவுக்குத் தெரிந்தது. அந்தப் பொம்பளையின் துணிமணி, செருப்பு, எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது! நேராகப் போய் அவன் முன்னால் நின்றாள்.

"சாவி."

"அராபா! நீ எங்க இங்க? தல வலின்னு..."

"எசி அப்பா, சாவியக் குடுங்க."

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

"நீ வீட்டுக்கு வந்தாத்தான?"

அதுவரை அவள் அவனை நான்கு பேர் முன்னால் 'நீ' என்றதில்லை. அவன் திகைத்த அந்த நொடியில் அவன் சட்டைப் பையில் கையை விட்டுச் சாவியை எடுத்தாள். பூட்டு ஒரு மக்கரும் பண்ணவில்லை. டிக்கி சமர்த்தாகத் திறந்துகொண்டது.

உள்ளே அவளுடைய சிலிண்டர் படுத்திருந்தது. பழைய இடுப்பு பெல்ட் ஒன்றால் உதிரிச் சக்கரத்தோடு கட்டியிருந்தான்.

அராபாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பொம்பளை இல்லை! எவளும் இல்லை! பாவி மனுஷன், ஊர்ப் பெரிய மனிதர்களிடம் பெட்ரோல் வண்டி என்று காட்டிக்கொண்டு, அடுப்படியைக் கட்டி இழுத்துக்கொண்டு திரிந்திருக்கிறான். சந்தோஷத்தில் அவன் கன்னத்தைக் கிள்ளிவிடலாம் போல இருந்தது. பின்னால் மன்சா ஏமாற்றத்தோடு "இவ்வளவுதானா?" என்றாள்.

"டாக்ஸி! நம்ம சங்கத்துல டாக்ஸி!" என்று யாரோ கத்தினார்கள்.

"பெட்ரோல் போட வழியில்லண்ணே," என்றான் கோபினா தலையைத் தொங்கப்போட்டு. "அப்பா வண்டி. மூடி வச்சா துருப்பிடிச்சுப் போகும். நானே பாத்துப் பாத்து மாட்டினது."

அப்போதுதான் அராபா அந்த டியூபைப் பார்த்தாள். அடுப்புக்குப் போடும் அதே ஆரஞ்சு டியூப். சிலிண்டரிலிருந்து கிளம்பி, பின்சீட்டின் முதுகில் போட்ட ஓட்டை வழியாக உள்ளே போயிருந்தது. ஓட்டையைச் சுற்றி ஒட்டுநாடா பிரிந்து தொங்கியது. குனிந்தாள். உஸ்ஸென்று மெல்லிய சத்தம். குப்பென்று அந்த வாசம். ஓட்டைக்கு அந்தப் பக்கம், ஒரு சாண் தூரத்தில், மஞ்சள் ரிப்பன் கட்டிய பின்னல் ஒன்று சீட்டில் சாய்ந்திருந்தது.

எந்தப் பக்கத்துக் கதவை எப்படித் திறந்தாள் என்று அவளுக்கே தெரியாது. எசியை இடுப்பில் அள்ளிக்கொண்டு இருபது அடி ஓடியபின்தான் நின்றாள். ஃபீஃபி அதற்குள் சிலிண்டரைத் திருகி மூடிவிட்டு, சுற்றி நின்றவர்களைச் சிகரெட்டை அணைக்கச் சொல்லிக் கத்தினார். கோபினா ஓடி வந்தான்.

"ஒண்ணும் ஆகலல்ல? நான் பாத்துத்தான் அராபா..."

"பொம்பளையா இருந்திருக்கலாம்டா," என்றாள் அவள். எசியை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "சத்தியமா சொல்றேன், ஒரு பொம்பளையா இருந்திருக்கலாம். என் வயிறு மட்டும் எரிஞ்சிருக்கும்."

அதற்குமேல் அவள் அங்கே நிற்கவில்லை. பெரியசாலை ஓரமாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டே நடந்தாள். ஏழு வயதுப் பிள்ளை கனத்தது, இறக்கிவிட மனம் வரவில்லை.

"அம்மா, நாளைக்கும் நடந்தே போலாமா? வண்டில போனா எனக்குத் தல சுத்துது."

"எப்பலேர்ந்து?"

"சிலிண்டர் வச்சதுலேர்ந்து."

அராபா நின்றுவிட்டாள். "சிலிண்டர் இருக்கறது ஒனக்குத் தெரியுமா?"

"தெரியுமே. அப்பா தூக்கி வச்சப்ப டிக்கியப் பிடிச்சுக்கிட்டதே நாந்தான்."

"எங்கிட்ட ஏண்டி சொல்லல?"

எசி அம்மாவின் முகத்தையே பார்த்தாள். இது என்ன கேள்வி என்பது போல.

"நீ ஆன்ட்டியப் பத்தி மட்டும்தானே கேட்ட."