கண்ணாடியில் ஒட்டிய இரண்டு வருஷம்

ஆர்வில் மாமா, இறந்துபோன தங்கையின் காருக்குள் குனிந்து, முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த பழைய ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். இரண்டு வருஷப் படிப்பு மட்டும் தருகிற சமுதாயக் கல்லூரியின் பார்க்கிங் ஸ்டிக்கர். ஒரு முனைதான் கிளம்பியது.

"சவ வண்டிக்குப் பின்னாடி முதல்ல போற கார். இது எதுக்கு இதுல?"

"அம்மா ஒட்டினது மாமா. விடுங்க," என்றாள் கெண்ட்ரா.

"வர்றவன் போறவனையெல்லாம் சேத்துக்கிற இடம். உங்கம்மாவுக்கு ரெண்டு தடவை ப்ரமோஷன் கைநழுவினதே அதனாலதான்."

திங்கட்கிழமை கெண்ட்ராவும் அங்கேதான் சேரப்போகிறாள். அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள். மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடியே கைதட்டினாள் மகராசி.

டோலிடோ நகர சர்ச்சில் நிற்க இடமில்லை. இறந்தவர் கடவுளின் வீடு திரும்புகிறார் என்று கொண்டாடுகிற ஜனம். ஆர்கன் அதிர்ந்தது, கைத்தட்டலில் கூரை பிய்ந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான மாமா தங்கையின் வாழ்க்கையைச் சொல்ல எழுந்தார்.

"எங்க வெர்னிட்டா மாநில யுனிவர்சிட்டியில படிச்சு, நகரக் குடிநீர் நிலையத்துக்கே சீஃப் இன்ஜினியர் ஆனா. மகளும் நேரா அந்த யுனிவர்சிட்டிக்குத்தான் போகப்போறா!"

அடுத்துப் பேசுகிறவர்களுக்கு ஆளுக்கு இரண்டு நிமிஷம். கெண்ட்ரா முதல் ஆளாக எழுந்துவிட்டாள்.

"மாமா, ரெண்டு வருஷத்த முழுங்கிட்டீங்க."

கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"அம்மா ஆரம்பிச்சது சமுதாயக் கல்லூரியில. என்னை மடியில வச்சுக்கிட்டே கணக்கு போட்டாங்க. அப்புறம்தான் யுனிவர்சிட்டி. மத்தவங்களவிட லேட்டாத்தான் மேல வந்தாங்க. ஆனா வந்தாங்க! திங்கட்கிழமை நானும் அங்கதான் சேர்றேன்."

"அப்படிப் போடு கண்ணு!" பாடகர் வரிசையிலிருந்து ஒரு குரல். குடிநீர் நிலையத்து ஆள் ஒருவர் துள்ளி எழுந்தார். "நானும் அங்கதான் படிச்சேன்!" அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட நர்ஸ் எழுந்தாள். பெஞ்சு பெஞ்சாக எழுந்தார்கள். கெண்ட்ராவுக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது; குதித்தாள். கண்ணீர் அதுபாட்டுக்கு ஓடியது.

"ரெண்டு நிமிஷம் முடிஞ்சுது!" என்றார் மாமா. சர்ச்சே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

சவ வண்டி கிளம்பியதும் கெண்ட்ரா காரை எடுத்தாள். மாமா பக்கத்தில் ஏறிக்கொண்டார். கைக்குட்டையால் முன்கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, ஸ்டிக்கரின் கிளம்பியிருந்த அந்த முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடியே கல்லறைத் தோட்டம்வரை வந்தார்.