கைதட்டிக் கும்பிட்ட கோயில்

ஊர்ச் சண்டையில் ஷெல் விழுந்து தன் தம்பி பிரியந்தன் செத்த பிறகு, என் மனைவி பாலேஸ்வரி கோயில் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. ரொறொன்ரோவில், டோர்செட் பார்க்கில் எங்கள் அப்பார்ட்மென்டின் சாமித்தட்டுக்கு இரண்டு வருடமாக நான்தான் விளக்கேற்றினேன். அவள் கையால் ஒரு திரி ஏற்றினால் போதும் என்று கிடந்து தவித்தேன்.

தொண்ணூற்றேழில் புது மெஷின் பழகக் கம்பெனி என்னைக் கியோட்டோவுக்கு அனுப்பியது. அவளையும் இழுத்துக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை, அங்கே எனக்கு வேலை பழக்கிய ஹயாஷி அவர்களுடைய ஒரு பழைய ஷிண்டோ மதக் கோயிலுக்குக் கூட்டிப்போனார்.

என்ன கோயில் அது! பல நூறு வருடத்து மரத்தூண்கள், சிவப்பு மர வாசல், ஒரு சருகுகூட இல்லாத சரளைக்கல் முற்றம். பெரிய மரமொன்றுக்கு வைக்கோல் கயிறு கட்டி, அதையும் தெய்வமாக வைத்திருந்தார்கள். சனம் இடிபடவில்லை, மைக் அலறவில்லை. நாங்களும் கோயில் வைத்திருக்கிறோமே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உள்ளே சிலை எதுவும் தெரியவில்லை, ஆனாலும் மயிர் கூச்செறிந்தது.

சனம் குனிந்து கும்பிட்டு, இரண்டு தரம் கைதட்டியது. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!

“சிவன் கோயிலிலை கும்பிட்டு முடிய, சாமியின்ரை சொத்து ஒண்டும் கொண்டுபோகேல்லை எண்டு சண்டேசுரருக்குக் கைதட்டிக் காட்டுறம் அல்லோ? உதுவும் அதுதான்,” என்றேன்.

“அப்பிடியெண்டால் நானும் தட்டுறன்,” என்றாள் பாலேஸ்வரி. “என்னட்டை ஒண்டும் மிச்சமில்லை எண்டு உவரும் பாக்கட்டும்.”

படீர் படீரென்று தட்டினாள். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சமாளிக்க வேண்டுமே என்று ஹயாஷிக்கு என் இங்கிலீஷில் சண்டேசுரரை விளக்கினேன். அவர் சிரித்தார்.

“இங்கே அதற்கில்லை. நான் வந்திருக்கிறேன் என்று சாமிக்குச் சொல்லத்தான் தட்டுவோம்.”

பாலேஸ்வரியின் முகம் கறுத்தது. விறுவிறென்று வாசலுக்கு நடந்தாள். என் வாய்க்கொழுப்பை நானே திட்டிக்கொண்டேன்.

ரொறொன்ரோவுக்குத் திரும்பிய முதல் வெள்ளிக்கிழமை, வேலையால் வந்து கதவைத் திறந்தால் சாமித்தட்டில் விளக்கு எரிகிறது. அவள் அதன் முன்னால் நின்று இரண்டு தரம் கைதட்டினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“கோவம் ஆறிட்டுதோ?” என்று மெல்லக் கேட்டேன்.

“இல்லை,” என்றாள். “கோவத்தோடைதான் வந்திருக்கிறன் எண்டு சொன்னனான்.”