கடைசிப் புள்ளி

உள்ளங்கை அகலத் தகட்டில் நானூறு புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு புதுக் கலவை. ஊசியால் தொட்டு மின்னழுத்தம் கொடுப்பேன். அதை நிறுத்திய பிறகும் தன் மின்முனைகளை அது காட்டிய திசையிலேயே வைத்திருக்கும் கலவைதான் எங்கள் ஆய்வகத்துக்கு வேண்டும். ஒன்றுக்கு நான்கே நொடி.

தகடுகளைச் செய்தவர் என் கணவர். கடைசிப் புள்ளியில் மட்டும் ஏற்கெனவே தேறிய கலவையை வைப்பார்.

"எல்லாம் சொதப்பினா வீட்டுக்கு வந்து மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவே, அதான்" என்பார்.

அவர் வெளிநாட்டு வேலைக்குப் போய் எட்டு மாதம். அவர் செய்தவற்றில் மிஞ்சிய தகடு இது ஒன்றுதான்.

முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதும் சொதப்பின. ஊசியைத் தூக்கிவிட்டேன்.

"இன்னும் ஒண்ணு இருக்கேம்மா?" என்றார் மேலாளர்.

"இருக்கட்டும் சார். அவர் வந்தப்புறம் பாத்துக்கலாம்" என்றேன், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு.