மனைவி புலம்பல்

வட்டக்கச்சியில் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாள் கல்வெட்டு வாசிக்க வேண்டும். கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டியதல்ல. செத்தவரின் புகழையும் வீட்டாரின் அழுகையையும் பாட்டாக்கி அச்சடித்த சின்னப் புத்தகம். புலவர் அப்புத்துரைக்கு அதுதான் பிழைப்பு. ஊரில் யாருக்காவது இருமல் கண்டாலே அவருக்கு எதுகை வந்துவிடும்.

என் கணவர் வீரகத்தி போனபோது நான் தலைமாட்டில் இருந்து, "வாய்க்காலில தண்ணி வந்திட்டுது, வாசலில மண்வெட்டி கிடக்குது, என்ர ராசாவைக் காணேல்லையே" என்று அழுதேன். யோசித்து அழவில்லை, அன்று எங்கள் வயலுக்குத் தண்ணீர் முறை. புலவர் பந்தலில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். கல்வெட்டில் 'மனைவி புலம்பல்' என்ற தலைப்பின் கீழ் அதே சொற்கள் வந்தன. அப்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

சில மாதங்களில் பக்கத்து வயல்காரர் யோகலிங்கம் காலமானார். அவருடைய கல்வெட்டிலும் அதே தண்ணீர், அதே மண்வெட்டி. பெயர் மட்டும் வேறு. நேரே புலவர் வீட்டுக்குப் போனேன்.

"அது நான் என்ர மனுசனுக்கு அழுதது, புலவர். இனி ஒருத்தருக்கும் போடாதேங்கோ."

அவர் புத்தகத்தின் பின்னட்டையைத் திருப்பிக் காட்டினார். "உரிமை பதிவு செய்யப்பட்டது எண்டு கிடக்குது, பாரும் பிள்ளை. நான் செத்து ஐம்பது வருசத்துக்கும் இது என்ர. நீர் எங்கை பதிஞ்சனீர்?"

"செத்த வீட்டில அழுறவள் கந்தோருக்குப் போய்ப் பதிஞ்சுபோட்டே அழுறது?"

அவர் சிரித்தார்.

யோகலிங்கத்தின் மனைவி அன்னபாக்கியத்திடமாவது உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று அவள் வீட்டுக்குப் போனேன். அவள் கல்வெட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். "அக்கா, அவர் செத்துக் கிடக்கேக்கை எனக்கு வாயில ஒரு சொல்லும் வரேல்லை. புலவர் என்ர மனசுக்குள்ள பூந்து எழுதியிருக்கிறார்" என்றாள். அவளிடமிருந்து அதை எப்படிப் பிடுங்குவது? வாயை மூடிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

என் கணவர் போய் ஒரு வருடம் நிறைந்த ஆட்டைத் திவசத்தன்றும் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. சத்தம் கேட்டது. படையலுக்கு முன் இருந்து, "வாய்க்காலில தண்ணி வந்திட்டுது" என்று என்னை அறியாமலே தொடங்கினேன்.

என் கணவரின் சாவுக்குப் பிறகு ஊருக்குக் குடியேறி வந்த நாகேஸ்வரி பக்கத்தில் இருந்தாள். என் கையை மெல்லப் பிடித்தாள்.

"அது அன்னபாக்கியத்தின்ர அழுகையெல்லே, அக்கா? உங்கட மனுசனுக்கு உங்கட சொல்லில அழுங்கோ."

எனக்கு வேறு சொல் இருக்கவில்லை.