புகைக்குள் இருந்து வந்தவன்

மூன்று முறை உலகப் பட்டம் வென்ற அந்த ஓட்டுநரை எல்லோரும் ‘புயல்’ என்றே அழைத்தார்கள். பந்தயத் திடலின் வாசலில் அவருக்குச் சிலை உண்டு. எரியும் காரிலிருந்து ஒருவனை இழுத்துப் போடும் கோலத்தில். முதலிடத்தில் போய்க்கொண்டிருந்தவர் ஓர் உயிருக்காக வண்டியை நிறுத்திவிட்டு ஓடினார் என்று பள்ளிப் புத்தகத்தில்கூட வந்துவிட்டது.

இழுக்கப்பட்டவன் கட்டையன். அதே அணியில் ஓட்டியவன். அன்று வளைவில் மோதி எரிந்தவை இரண்டு கார்கள். இரண்டும் ஒரே சிவப்பு. மற்றதில் இருந்தது புயலின் உடன்பிறந்த தம்பி. கட்டையனின் தலைக்கவசத்தைக் கழற்றியதும் புயல் “நீயா?” என்று அலறினார். திரும்பி ஓடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த அலறல் கட்டையன் காதில் மட்டும்தான் விழுந்தது.

அதன்பின் புயல் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. விழாக்களில் இருவரையும் அருகருகே நிறுத்திப் படம் எடுப்பார்கள். சிரித்துவைத்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள்.

வயதாகிப் புயலுக்கு நினைவு தப்பத் தொடங்கியது. ஒருநாள் அவர் மனைவி கட்டையனுக்குப் போன் செய்தார்.

“டிவியில உங்களைப் பார்த்ததுல இருந்து தம்பி தம்பின்னு அழுறார். ஒரு தடவை வந்துட்டுப் போறீங்களா?”

நரைத்த தலையோடு கட்டையன் போய் நின்றான். கட்டிலில் கிடந்தவர் கையை நீட்டினார்.

“வந்துட்டியாடா? எங்க போய்த் தொலைஞ்ச?”

கட்டையன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். “வழியில வண்டி மக்கர் பண்ணிடுச்சு, அண்ணே.”

“நீ ஓட்டுற லட்சணத்துக்கு எந்த வண்டிதான் ஓடும்!”

புயல் வாய்விட்டுச் சிரித்தார். அவர் மனைவி சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

அதிலிருந்து வாரம் தவறாமல் போனான். சவரம் செய்துவிட்டான், நகம் வெட்டிவிட்டான், திட்டு வாங்கினான். ஒரு மாலை, முகத்தில் சோப்பு நுரையோடு புயல் கேட்டார்.

“அன்னைக்குப் புகையில கண்ணு தெரியல. உன்னைன்னு நெனச்சு வேற ஒருத்தனை இழுத்துட்டேன். அவன் பிழைச்சானாடா?”

கட்டையன் சவரக்கத்தியைத் தண்ணீரில் அலசினான். “பிழைச்சுட்டான், அண்ணே. பேரன் பேத்தியெல்லாம் எடுத்துட்டான்.”

“நல்லது. மூஞ்சிக்கு நேரா கத்திட்டேன். பாவம், அவன் என்ன பண்ணுவான்? எங்கயாச்சும் பார்த்தா சொல்லு.”

“சொல்றேன், அண்ணே.”

மழைக்காலம் முடியுமுன் புயல் இறந்துபோனார். இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லோரும் சிலையில் இருந்த கதையையே சொன்னார்கள். பிறகு கட்டையனைக் கூப்பிட்டார்கள். மைக்கின் முன் நின்று “எங்க அண்ணன்…” என்று தொடங்கியவனால் அதற்குமேல் முடியவில்லை. புயலின் மனைவி எழுந்து வந்து, அவன் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், குடும்பத்தாரின் வரிசையில் தன் பக்கத்திலேயே உட்காரவைத்தார்.