மூன்று முறை சலித்த மாவு

பேக்கரிக்காரம்மாவின் கடையில் மாவு படியாத இடம் என்று ஒன்று கிடையாது. மேசை, தராசு, கல்லாப் பெட்டி, சுவர்க் கடிகாரத்தின் தலை, மின்விசிறியின் இறக்கை, அவளுடைய புருவம் என்று எல்லாவற்றின்மேலும் மெல்லிசாக ஒரு வெள்ளைப் பூச்சு. காலையில் துடைத்தால் மத்தியானத்துக்குள் மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும். "நம்ம கடைக்குத் திருடன் வந்தா சுலபமா பிடிச்சிடலாம், வெளுத்துப் போய்த்தான் வெளியே வருவான்" என்று அவள் கணவர் சொல்லிச் சிரிப்பார்.

அன்று விடிந்ததும் அந்த மேசையின் ஒரு மூலையை ஈரத்துணியால் அழுந்தத் துடைத்துவிட்டு, அவள் ரகசியமாக ஒரு கேக் செய்துகொண்டிருந்தாள். கோதுமை மாவு இல்லாத கேக். அரிசி மாவு, முட்டை, வெண்ணெய், சர்க்கரை, அவ்வளவுதான். ஊருக்கெல்லாம் கேக் போட்ட கைக்கு இந்த ஒரு கேக் மட்டும் அடங்காமல் அடம் பிடித்தது. முந்தின நாள் போட்டது செங்கல்லாக வந்து, அதைக் கணவர் தண்ணீரில் ஊறவைத்துத் தின்ன வேண்டியதாயிற்று. இன்று மாவைச் சல்லடையில் கொட்டி மூன்று முறை சலித்தாள். கேக் பஞ்சாக எழும்பி வந்தது. அடுப்புக்கு முன்னால் நின்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

எல்லாம் மாப்பிள்ளைக்காக.

மகளுக்குக் கல்யாணமாகி இன்னும் ஒரு வருடம் முடியவில்லை. மாப்பிள்ளைக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. தங்கமான மனிதர், அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். ஆனால் பேக்கரிக்காரி வீட்டுக்கு வாய்த்த மாப்பிள்ளைக்குக் கோதுமை ஆகாது. கோதுமையில் குளூட்டன் என்று ஒரு சத்து இருக்கிறது, அது துளி உள்ளே போனாலும் தன் குடல் புண்ணாகிவிடும், இதற்குச் சீலியாக் என்று பெயர், தொடாமல் இருப்பது ஒன்றுதான் வைத்தியம் என்று பெண் பார்த்த அன்றே சொல்லிவிட்டார். பேக்கரிக்காரம்மாவும் தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

கேட்டுக்கொண்டதோடு சரி. அவர் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சூடு ஆறாத பன்னைத் தட்டில் வைத்து நீட்டுவாள். "இருக்கட்டும் அத்தை" என்று அவர் சிரித்து மழுப்புவார். "எனக்காகக் கொஞ்சூண்டு பிட்டுக்குங்க மாப்பிள்ளை" என்று இவள் விடமாட்டாள். நடுவில் மகள் புகுந்து சத்தம் போடுவாள். அவர்கள் கிளம்பிப் போனபிறகு அந்தத் தட்டைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருப்பாள். ஊரே வரிசையில் நின்று வாங்கிப் போகிற பண்டம், பெண்ணைக் கொடுத்த இடத்தில் எடுபடவில்லையே என்று கணவரிடம் புலம்புவாள்.

லீவே போட்டறியாத அத்தையை ஒரு நாளாவது வெளியே அழைத்துப் போக வேண்டும் என்று தீம் பார்க்குக்குச் சீட்டு எடுத்ததும் அந்த மாப்பிள்ளைதான். அந்த அன்புக்குப் பதில் மரியாதையாகத்தான் இந்தக் கேக். அதை டப்பாவில் வைத்து, கடைத் துண்டில் சுற்றி, கைப்பையின் அடியில் ஒளித்துக்கொண்டாள். கடையைக் கணவரிடம் விட்டுவிட்டு மூன்று பேரும் கிளம்பினார்கள்.

பூங்கா வாசலிலேயே முதல் இடி. மாப்பிள்ளைக்காக மகள் கட்டி எடுத்துவந்த சாப்பாட்டைக் காவலாளி பிடித்துக்கொண்டார்.

"வெளிச் சாப்பாடு உள்ளே போகக் கூடாது மேடம். லாக்கர்ல வெச்சிட்டுப் போங்க."

"இவருக்கு உடம்புக்கு ஆகாதுங்க. கண்டதைச் சாப்பிட முடியாது."

"உள்ளே எல்லாம் கிடைக்கும் மேடம்."

"போன்ல கேட்டப்பவும் இதையேதான் சொன்னாங்க. எல்லாம்னா என்னென்ன?"

"எல்லாம்னா எல்லாம்தான்."

பின்னால் வரிசை முணுமுணுக்க ஆரம்பித்தது. "விடு, உள்ளே பார்த்துக்கலாம்" என்று மாப்பிள்ளையே சாப்பாட்டு டப்பாவை வாங்கி லாக்கரில் வைத்துப் பூட்டினார். பேக்கரிக்காரம்மாவின் பையை யாரும் குடைந்து பார்க்கவில்லை.

காலைப் பொழுது சந்தோஷமாகத்தான் போயிற்று. ராட்சத ராட்டினத்தில் எல்லோரும் கீழே பார்த்து அலறிக்கொண்டிருக்க, மாப்பிள்ளை மட்டும் மேலே பார்த்து, "பயப்படாதீங்க அத்தை, போல்ட்டெல்லாம் நல்லா முடுக்கியிருக்காங்க" என்றார். இவள் பயம் பறந்து சிரித்துவிட்டாள். மகனாகப் பிறந்திருந்தால்கூட இத்தனை பதவிசாக இருந்திருப்பானா என்று தோன்றியது.

மத்தியானம்தான் அலைச்சல் தொடங்கியது. முதல் கடையில், "குளூட்டனா? அந்த மாதிரி எதையும் நாங்க கலக்கிறதே இல்ல சார், எல்லாம் சுத்தமான அயிட்டம்" என்று சொல்லி, பீட்சாவைக் காட்டினான் பணியாள். அடுத்த கடையில் உருளைக்கிழங்கு வறுவல் இருந்தது. ரொட்டித் தூள் தடவிய கோழியும் அதே எண்ணெயில்தான் வேகிறது என்று மாப்பிள்ளை விசாரித்துத் தெரிந்துகொண்டார். "கொதிக்கிற எண்ணெயில எது சார் உயிரோட இருக்கும்?" என்று கேட்டார் கடைக்காரர். மூன்றாவது இடத்தில் ஃப்ரைட் ரைஸ். சாஸ் பாட்டிலைக் கேட்டு வாங்கி, அதன் முதுகில் இருந்த பொடி எழுத்தைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தார். அதிலும் கோதுமை.

"இவ்வளவு பார்க்கிறவங்க வீட்லயே இருந்துக்கலாம்ல?" என்றது வரிசையில் ஒரு குரல்.

மாப்பிள்ளை பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சிரித்தார். "எனக்கு அப்படி ஒண்ணும் பசிக்கலை. நீங்க ரெண்டு பேரும் சாப்பிடுங்க அத்தை."

பேக்கரிக்காரம்மாவுக்குச் சுருக்கென்றது. இதே சிரிப்பைத் தன் வீட்டில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். அதை அலட்சியம் என்று நினைத்திருந்தாள். பசியோடு இருக்கிறவன் அடுத்தவர் மனம் நோகக் கூடாதென்று சிரிக்கிற சிரிப்பு அது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

பூங்காவின் கடைக்கோடியில், தண்ணீர்ச் சறுக்கலுக்குப் பின்னால் இருந்த சின்ன உணவுக்கடைக்கு மகள் அவர்களை இழுத்துப் போனாள். சமையல்காரர் நடுத்தர வயதுக்காரர், முகமெல்லாம் வேர்வை. சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "எனக்கு இதைப் பத்தி ஒண்ணும் தெரியாது சார். என்ன பண்ணணும், எதைப் பண்ணக் கூடாதுன்னு நீங்க சொல்லுங்க. அப்படியே செய்யறேன்" என்றார்.

மாப்பிள்ளை அவரை நம்ப முடியாமல் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். சமையல்காரர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார், தனிப் பாத்திரத்தைத் தேய்த்து எடுத்தார், பிரிக்காத அரிசிப் பையைப் பிரித்தார்.

"இந்த வடிதட்டுல நூடுல்ஸ் வடிப்போம். நல்லாக் கழுவிட்டு இதுலயே வடிச்சிடட்டுமா?"

"ஓட்டைக்குள்ள ஒட்டியிருக்கும்ண்ணே. அது மட்டும் வேண்டாம்."

"அப்போ மூடியைச் சாய்ச்சு வடிச்சிடறேன். ஒரு பிரச்சினையும் இல்ல."

ஒரு ஓட்டைக்கு இத்தனை பாடா என்று பேக்கரிக்காரம்மா மனசுக்குள் அலுத்துக்கொண்டாள். ஆவி பறக்கச் சோறும், அவித்த முட்டையும், வேகவைத்த காய்கறியும் வந்தன. மாப்பிள்ளை குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். அவர் வயிறாரச் சாப்பிட்டு அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

மகள் படகுச் சவாரிக்கு வரிசை பிடிக்கப் போனாள். இதற்காகவே காத்திருந்தவள்போலப் பேக்கரிக்காரம்மா கைப்பையைத் திறந்தாள்.

"மாப்பிள்ளை, இது கோதுமை இல்லாத கேக். உங்களுக்குன்னே செஞ்சேன். சுத்த அரிசி மாவு."

அவர் முகம் குழந்தை முகமாக மலர்ந்தது. "எனக்காகவா? எங்க வெச்சுச் செஞ்சீங்க அத்தை?"

"நம்ம கடையிலதான். மேசையெல்லாம் துடைச்சுட்டேன். மாவை மூணு தடவை சலிச்சேனாக்கும், அதான் இப்படிப் பட்டு மாதிரி வந்திருக்கு."

மாப்பிள்ளை நீட்டிய கை ஒரு நொடி நின்றது. அவர் கேக்கைப் பார்த்தார், அத்தையின் முகத்தைப் பார்த்தார். பிறகு எடுத்துச் சாப்பிட்டார். "பிரமாதம் அத்தை" என்றார். இவள் இன்னொரு துண்டையும் கையில் திணித்தாள். அதையும் சாப்பிட்டார். பேக்கரிக்காரம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வெயில் தாழ்கிற நேரத்தில் மாப்பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. முகம் வெளிறி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு செடிகளுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார். முதலுதவி அறையில் படுக்கவைத்தார்கள். "எனக்கு இது பழக்கம்தான். ரெண்டு மூணு நாள் படுத்தும், அப்புறம் சரியாயிடும்" என்று நர்ஸிடம் அவரே ஆறுதல் சொன்னார்.

"என்ன சாப்பிட்டீங்க?" என்றாள் மகள்.

"தெரியலை. விடு."

"தெரியாம என்ன? அந்தச் சமையல்காரர் கையாலதானே சாப்பிட்டீங்க? தலையைத் தலையை ஆட்டிட்டு எதையோ கலந்திருக்காரு. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்."

அவள் புயலாக வெளியே போய்விட்டாள். மாப்பிள்ளை எழ முயன்று, முடியாமல் சாய்ந்தார். "அவர் மேல தப்பில்ல" என்றார். அந்தக் குரல் மாமியார் காதுக்கு மட்டும்தான் எட்டியது.

"அவர் மேல தப்பில்லன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் மாப்பிள்ளை?"

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நெற்றியில் வேர்வை துளிர்த்திருந்தது. துடைத்துவிடலாம் என்று பையிலிருந்த துண்டை எடுத்து உதறினாள். ஜன்னல் வெளிச்சத்தில் வெள்ளையாகத் தூசி கிளம்பி மெதுவாக இறங்கியது. ஓட்டைக்குள்ள ஒட்டியிருக்கும் என்று அவர் சொன்னது அப்போதுதான் அவள் மண்டையில் உறைத்தது. தினமும் கோதுமை மாவு சலிக்கிற அதே சல்லடை! ஒரு தடவையா, இரண்டு தடவையா? பட்டு மாதிரி வரவேண்டும் என்று அந்த மாவை மூன்று தடவை அதில் கொட்டிச் சலித்திருக்கிறாள்.

துண்டைப் போட்டுவிட்டு ஓடினாள்.

உணவுக்கடை முன்னால் கூட்டம் கூடியிருந்தது. மகள் கத்திக்கொண்டிருந்தாள். சமையல்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். சட்டையில் பூங்காவின் சின்னம் குத்திய மேலாளர் அவரைப் பார்த்து விரலை ஆட்டினார்.

"உன்னை யாரு இந்த வேலையெல்லாம் பார்க்கச் சொன்னது? இனிமே யாருக்கும் தனியா எதுவும் செய்யக் கூடாது. கேட்டா இல்லைன்னு சொல்லி அனுப்பு. புரியுதா?"

ஒரு கணம் பேக்கரிக்காரம்மாவின் கால் தயங்கியது. வாயைத் திறந்தால் மகள் முகத்தில் எப்படி விழிப்பது? பேசாமல் இருந்துவிட்டால் ஒரு பயலுக்கும் தெரியப் போவதில்லை. படுத்திருக்கிறவர் உயிர் போனாலும் காட்டிக்கொடுக்க மாட்டார். ஆனால் நாளைக்கு அவரைப் போல இன்னொருவர் பசியோடு இந்தக் கடைக்கு வந்து நிற்பார், இந்தச் சமையல்காரரும் சாப்பாடு இல்லை என்று சொல்லி அனுப்புவார்.

"நிறுத்துங்க" என்றாள். "இவர் சோத்துல ஒரு குறையும் இல்ல. நான் குடுத்த கேக்தான்."

மகள் திரும்பினாள். "என்ன கேக்?"

"அரிசி மாவுலதான் செஞ்சேன் கண்ணு. கோதுமை சலிக்கிற சல்லடையில சலிச்சுட்டேன்."

"அம்மா! எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!"

"சொன்னே. காதுல வாங்கினேன், மனசுல வாங்கலை." மேலாளர் பக்கம் திரும்பினாள். "ஐயா, உங்க பூங்கா முழுக்க அலைஞ்சோம். எல்லாரும் எல்லாம் தெரியும்னாங்க. இவர் ஒருத்தர்தான் எனக்குத் தெரியாது, சொல்லுங்கன்னு கேட்டாரு. அதனால அந்தப் பிள்ளை இங்க நிம்மதியா சாப்பிட்டுச்சு. இவரைத் திட்டாதீங்க. மத்தவங்களை இவர்கிட்ட அனுப்பிக் கத்துக்கச் சொல்லுங்க."

மேலாளர் கூட்டத்தைப் பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, சரி, நீ வேலையைப் பாரு" என்று முனகியபடி நகர்ந்தார். மகள் சமையல்காரரிடம் மன்னிப்புக் கேட்டாள். அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "சாருக்கு இப்போ எப்படிம்மா இருக்கு?" என்றுதான் கேட்டார். பேக்கரிக்காரம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

முதலுதவி அறைக்குத் திரும்பி மாப்பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"எங்க செஞ்சேன்னு சொன்னப்பவே உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு, இல்ல?"

அவர் மெல்லத் தலையசைத்தார்.

"தெரிஞ்சும் ஏன் சாப்பிட்டீங்க மாப்பிள்ளை?"

"முதல் தடவையா எனக்குன்னு செஞ்சிருந்தீங்க. உங்க முகத்தைப் பார்த்துட்டு வேண்டாம்னு சொல்ல வாய் வரலை அத்தை."

பேக்கரிக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நான் காட்டினது பாசம்னு நினைச்சேன் மாப்பிள்ளை. ஒருத்தர் வேண்டாம்னு சொல்ல முடியாத மாதிரி ஊட்டினா அதுக்குப் பேரு அடாவடி. ஒத்துக்காதுன்னு ஒருத்தர் சொன்னா அதை நம்பணும். எப்படிச் செய்யணும்னு அவங்களையே கேட்டு, அதுக்கப்புறம்தான் அடுப்பைப் பத்த வைக்கணும். முன்பின் தெரியாத மனுஷருக்குத் தெரிஞ்சது, பெத்தவ ஸ்தானத்துல இருக்கிற எனக்குத் தெரியலை பாருங்க. இனிமே என்கிட்ட நீங்க கூச்சப்படாம வேண்டாம்னு சொல்லணும். சொல்லிப் பழகிக்கணும்."

நர்ஸ் ஒரு டம்ளர் வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். பேக்கரிக்காரம்மா அதை எடுத்து ஆற்றி, பதமாக அவர் உதட்டருகே கொண்டுபோனாள்.

மாப்பிள்ளை டம்ளரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். எச்சிலை விழுங்கிக்கொண்டு, "வேண்டாம் அத்தை. இப்போ வேண்டாம்" என்றார்.

"சரி மாப்பிள்ளை" என்று அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். தன் கையால் கொடுத்ததை ஒருவர் மறுத்து, அதில் மனம் நிறைந்தது அவளுக்கு அதுவே முதல் தடவை.