சூப்பு மட்டும்தான்

அப்பாவின் வலது கையை ஈரத்துணியால் அவள் துடைத்துக்கொண்டிருந்தபோது அம்மா காதருகே குனிந்தாள்.

"தம்பி கேட்டா, நேத்து சூப்பு மட்டும்தான் குடிச்சார்னு சொல்லு."

அவள் நிமிர்ந்தாள். அம்மா அதற்குள் கால்மாட்டுக்குப் போய், சரியாக இருந்த போர்வையை மறுபடி சரிசெய்துகொண்டிருந்தாள்.

விடிந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்ட மனுசன், அம்மா டம்ளரோடு வருவதற்குள் சாய்ந்துவிட்டார். பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்துக்கொண்டு போனார். தம்பி தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். லோடை இறக்காமலே வந்துகொண்டிருந்தான்.

அவள் விரல் விரலாகத் துடைத்தாள். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவளுக்குக் கறை தெரியும். எது போகும், எது போகாது என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவாள். நகத்தடியில் இருந்த கரி போகாத கறை. இருபது வருசத்துக் கரி.

தம்பி வந்தான். அழவில்லை. கட்டில் பக்கத்தில் நின்று அப்பாவின் நெற்றியில் கை வைத்தான், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. அப்புறம் அவளிடம் திரும்பினான்.

"நேத்து என்ன சாப்பிட்டார்?"

"சூப்பு மட்டும்தான்."

தலையாட்டிவிட்டு, வண்டிக்கும் நாற்காலிக்கும் சொல்ல வெளியே போனான். அவன் நம்பிவிட்டதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

எட்டு மாசத்துக்கு முன்னால் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து வேலையை விட்டதிலிருந்து அவர் வாய்க்குள் என்ன போகலாம் என்பதெல்லாம் தம்பியின் பொறுப்பு. எண்ணெய் கூடாது, வெண்ணெய் கூடாது, உப்பு பேருக்கு. உப்பு டப்பாவை அவன் மேல் தட்டில் ஏற்றிவிட்டதால் அம்மாவே ஸ்டூல் போட்டுத்தான் எடுக்க வேண்டும். அப்பா அவனைப் 'பெரிய டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார். அவன் எதிரில் கூப்பிடமாட்டார்.

கல்யாணமாகி நாற்பது வருசம் ஆனதற்கு அப்பாவையும் அம்மாவையும் சப்பான் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப் போகப்போவதாக அவள் சொன்னபோது தம்பி முகம் மாறியது.

"அக்கா, அங்க எல்லாம் வெண்ணெயில குளிச்சிட்டுத்தான் தட்டுக்கு வரும். உன் ஆசைய அப்பா மேல காட்டு. அவர் நெஞ்சு மேல காட்டாத."

"ஒரு நாள்தானடா. நீயும் வாயேன், நீயே பாத்துக்க."

"எனக்கு லோடு இருக்கு. சூப்பு வாங்கிக் குடு, போதும்."

அந்தக் கடையில்தான் அப்பா இருபது வருசம் வேலை பார்த்தார். சமைக்கிற வேலை இல்லை. அங்கே மேசை நடுவிலேயே பெரிய இரும்புக்கல் பதித்திருக்கும். வந்தவர்கள் சுற்றி உட்கார்ந்துகொள்ள, சமையல்காரர் எதிரில் நின்று கண் முன்னாலேயே வதக்கி, வெட்டி, தட்டில் தள்ளுவார். தெப்பன்யாக்கி என்று பெயர். மதியக் கூட்டம் எழுந்து போனதும் அப்பா உள்ளே போவார். அடுப்பு அணைந்து, சூடு பாதி இறங்கியிருக்கும்போதே சுரண்டி, கல்லால் தேய்த்து, எண்ணெய் பூசிவிட்டு வர வேண்டும். ஆறிப்போனால் கரி விடாது. அதனால் அங்கே அவருக்குக் கல்லண்ணன் என்று பெயர்.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்துக்கு அவரும் வந்துவிடுவார். பையை வைக்கவிடமாட்டார்கள்.

"இன்னிக்கு என்னப்பா ஓடுச்சு?"

ஓரத்தில் ஒட்டியிருந்ததை வைத்தே அவர் கணக்காகச் சொல்வார். இன்னிக்கு இறால் அமோகம். காளானை ஒருத்தனும் தொடல. மூணாம் நம்பர் கல்லுல ஏதோ சின்னப்புள்ள முட்டைய கொட்டிருக்கு. கேட்கக் கேட்க இவர்களுக்கு எச்சில் ஊறும். எப்படி இருக்கும், எப்படி இருக்கும் என்று பிடுங்குவார்கள். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது.

"சிப்பியா? அவிச்ச உருளைக்கிழங்குல எலுமிச்சம்பழம் பிழிஞ்ச மாதிரி."

தம்பி அதை அப்படியே பிடித்துக்கொண்டான். வீட்டில் உருளைக்கிழங்கு அவிக்கிற நாளெல்லாம் எலுமிச்சம்பழம் கேட்டு அழுவான். கண்ணை மூடிக்கொண்டு தின்றுவிட்டு, சிப்பி சாப்பிட்டதாகத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவான்.

நேற்று சாயங்காலம் அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு அந்த மேசையில் உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எதிரில் நின்றவர் நெட்டைச் சமையல்காரர், அப்பாவோடு இருபது வருசம் இருந்தவர். குனிந்து கும்பிட்டு, "சார், என்ன சாப்பிடறீங்க?" என்றார்.

"அடி வாங்கப்போற," என்றார் அப்பா.

கல் சூடேறிப் புகைந்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது கொதிச்சு நான் பாத்ததே இல்ல பாப்பா. எனக்கு எப்பவும் பாதி ஆறின கல்லுதான்," என்றார். நெட்டையர் வேடிக்கை காட்ட வெங்காய வளையங்களைக் கோபுரமாக அடுக்கி நெருப்பு மூட்டியபோது அம்மா நாற்காலியோடு பின்னால் நகர்ந்து, பக்கத்து மேசைக்காரர் காலை மிதித்துவிட்டாள். முட்டைச்சோறு கொஞ்சம் ஓரத்தில் சிந்தியது. அப்பா பட்டென்று எழுந்தார். மடியில் விரித்திருந்த துணியால் கல் ஓரத்தைத் துடைக்கத் தொடங்கிவிட்டார். துணி பொசுங்கியது. நெட்டையர் சிரித்துச் சிரித்துக் கரண்டியைக் கீழே போட்டார். அம்மா தன் பங்குக்கு எல்லாத் தட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கழுவுகிற இடம் எங்கே என்று கேட்டாள்.

அப்புறம் சிப்பி வந்தது. அப்பா ஒன்றை எடுத்து வாயில் வைத்தார். ரொம்ப நேரம் மென்றார். தோள் குலுங்கியது. ஏதோ ஆகிவிட்டது என்று அவள் பயந்தாள். ஆனால் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை வருசம் உங்க ரெண்டு பேருக்கும் பொய் சொல்லிருக்கேன் பாப்பா."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டு அவள் நிமிர்ந்தாள். கடையிலிருந்து ஐந்தாறு பேர் வந்திருந்தார்கள். முன்னால் நெட்டையர். குனிந்துதான் கதவுக்குள் நுழைய முடிந்தது. தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்து என் கையால சாப்பிட்டாரு தம்பி. நான் சமைச்சதை இருபது வருசம் சுரண்டிப்போட்ட மனுசன். எவ்வளவு ரசிச்சு சாப்பிட்டாரு தெரியுமா? சிப்பி மட்டும் ரெண்டு தடவை கேட்டு வாங்கினாரு."

போர்வையை நீவிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. தம்பி கையை மெல்ல உருவிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனான். அவள் பின்னாலேயே போனாள்.

"ஏன்க்கா பொய் சொன்ன?"

அம்மா சொல்லச் சொன்னாள் என்று சொல்லலாம். அவள் சொல்லவில்லை.

"பயந்துட்டேன்டா."

"என்னென்ன சாப்பிட்டார்?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சூப்பு. இறால் நாலு. காளான். முட்டைச்சோறு ஒரு கிண்ணம். சிப்பி ஆறு, அதில் ஒன்று அவள் தட்டிலிருந்து சிரித்துக்கொண்டே எடுத்தது.

"வெண்ணெயா?"

"வெண்ணெய்தான்."

தம்பி பாத்திரம் கழுவுகிற தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. இறுக்கி மூடினான்.

"எட்டு மாசமா அந்த மனுசன் வாயக் கட்டினேன். தட்டு முன்னால உக்காந்து என்னையவே பாப்பாரு. ஒரு நாள் எங்கிட்ட சிரிச்சதில்ல." குழாயை மறுபடி இறுக்கினான். "உங்கிட்ட சிரிச்சாரு."

"சீக்கிரம் வைப்பா, பெரிய டாக்டர் வந்துடப்போறாருன்னு நெட்டையர்கிட்ட சொன்னாரு," என்றாள். சொல்லிய பிறகுதான், சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

"யாரு பெரிய டாக்டர்?"

அவள் அவனைப் பார்த்தாள்.

அவனுக்குப் புரிந்தது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். முதுகு மட்டும் தெரிந்தது. தண்ணீர் லாரிக்காரனின் முதுகு, குழாய் சுமந்து ஒரு பக்கம் சரிந்த தோளோடு. கூடத்தில் யாரோ இருமினார்கள். அம்மா யாருக்கோ எத்தனை மணிக்கு வண்டி என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

திரும்பாமலே கேட்டான்.

"உருளைக்கிழங்கு மாதிரியா இருந்துச்சாம்?"

"இல்லையாம்."

"பின்ன?"

"இனிப்பாம். பாலைச் சுண்டக் காய்ச்சின மாதிரி."

சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே நடந்தான்.

கூடத்தில் நாற்காலி போதவில்லை. கடையிலிருந்து வந்தவர்கள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்கள். எதிர்வீட்டு மாடியில் ஒரு நீளப் பெஞ்சு இருப்பதாகச் சொன்னார்கள். தூக்கத் தானே வருவதாக நெட்டையர் முன்னால் வந்தார். தம்பி வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு அவளைப் பார்த்தான்.

இருவரும் மாடிக்குப் போய்ப் பெஞ்சைத் தூக்கினார்கள். தேக்கு போலிருந்தது, நல்ல கனம். மாடிப்படி குறுகல். முன்னால் போகிறவன் பின்பக்கமாகத்தான் இறங்க வேண்டும். தம்பி அந்த முனையை எடுத்துக்கொண்டான். அவன் கண் அவள் முகத்தில் இருந்தது. கீழே பார்க்கவில்லை.

"படி," என்றாள் அவள்.

காலை இறக்கினான்.

"இன்னொண்ணு."

இறக்கினான்.